வீட்டுக்கு ஒரு சின்ன செயின் சா: விறகுக்கும் காத்துல விழுந்த மரத்துக்கும் எது சரியா வரும்?

கள்ளந்திரித் தோப்பு
ஞாயிறு, காலை 8:20

எல்லாருக்கும் வணக்கம். கள்ளந்திரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தோப்பு, அதுக்குள்ளயே வீடு. தென்னைதான் அதிகம். வரப்புல வேம்பு, புளி, வாகை நிக்குது. கிணத்து மேட்டுல சீமைக்கருவேலம் தன்னால மண்டிக் கிடக்கு. போன வாரம் மழைக்கு முந்தி சுழட்டி அடிச்ச காத்துல வேப்பமரம் ஒண்ணு வேரோட சாஞ்சிருச்சு. தென்னை ரெண்டு இடுப்புல முறிஞ்சு கிடக்கு. மரம் வெட்ற ஆளுக்குச் சொல்லிவிட்டா 'நாளைக்கு வாரேன்'கிறார், வரக் காணோம். இந்தச் சுத்துவட்டாரம் பூராம் மரம் விழுந்திருக்கு, அவரைச் சொல்லியும் குத்தமில்ல.

வீட்ல வெந்நீருக்கும் நெல் அவிக்கிறதுக்கும் விறகடுப்புதான். அதனால சொந்தமா ஒரு மெஷின் வாங்கிப் போட்ரலாம்னு இருக்கேன். பாத்து வச்சது மூணு: ஆன்லைன்ல 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு), ஏழாயிரத்துச் சொச்சம். ஸ்டில், ஹஸ்க்வர்னா மாதிரி கம்பெனிச் சின்ன மெஷின், முப்பதுலேர்ந்து நாப்பது சிசிக்குள்ளதான் இருக்கு, விலை மூணு மடங்கு. அப்புறம் கரண்ட்ல ஓடுறது. கையில இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் இருக்கு. பெருசு விலை கம்மி, சிறுசு விலை கூட. இதுதான் எனக்கு விளங்கல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


அலங்காநல்லூர் காளை
ஞாயிறு, காலை 9:05

அண்ணே யோசிக்கவே வேணாம், 58 சிசியே எடுங்க. நான் அதான் வச்சிருக்கேன். கருவேலங்காட்டை அழிச்சது பூராம் அதுலதான். இழுத்தவுடனே ஸ்டார்ட். 22 இஞ்ச் பாருக்கு எந்த மரமும் பதில் சொல்லித்தான் ஆகணும். போயிருச்சுன்னா இன்னொண்ணு வாங்கினாலும் கம்பெனி மெஷின் விலை வராது.


பத்து-பதினொண்ணு ஸ்பேனர்
ஞாயிறு, மதியம் 1:40

தோப்பு அண்ணே, நான் திருமங்கலத்துல ஸ்பிரேயர், பிரஷ் கட்டர், செயின் சா ரிப்பேர் பாக்குறவன். மெஷின் விக்கிறதில்ல, பட்டறை மட்டும்தான். அதனால யாருக்கும் சாயாம சொல்றேன்.

முதல்ல அந்த 58. பல மெஷின்ல சிலிண்டரைக் கழட்டி அளந்தா போர், அதாவது உள் அகலம் 45.2 மில்லி, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடுற தூரம் 34 மில்லி வரும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஐம்பத்தி நாலரை சிசிதான். மிச்சம் மூணரை ஸ்டிக்கர்ல ஓடுது. அது கிடக்கட்டும். பெரிய கம்பெனிக்காரன் 22 இஞ்ச் பாரை அறுபது சிசியும் அதுக்கு மேலயும் உள்ள மெஷினுக்குத்தான் தோது பண்ணுவான். பாரை நீட்டிக்கிட்டே போனா இஞ்சின் சக்தி நிறைய செயினை இழுக்கவே செலவாகும். ஆயில் பம்பும் நுனி வரைக்கும் எண்ணெய் தள்ள மாட்டாம திணறும். பார் சூடாகி நீலம் பாஞ்சு பட்டறைக்கு வர்றது பூராம் இந்தக் கேஸ்தான்.

ரெண்டாவது, எடை. ஸ்டில் எம்.எஸ். 180 பார், செயின் இல்லாம நாலு கிலோவை ஒட்டி வரும், 31.8 சிசி. ஹஸ்க்வர்னா 120 மார்க் 2 அஞ்சு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, 38.2 சிசி. அந்தப் பெரிய மெஷின் பார், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேத்துத் தூக்கினா ஏழு கிலோவைத் தாண்டும். தினமும் இதே சோலியா இருக்கிறவனுக்கு அது பழகிரும். வருசத்துல நாலு தடவ எடுக்கிற நமக்கு அரைமணி நேரத்துல கை நடுங்க ஆரம்பிச்சிரும். கை அசந்த நேரத்துலதான் வெட்டு விழுகும்.

மூணாவது, சின்ன பாரு போதாதோன்னு பயப்பட வேணாம். 14 இஞ்ச் பாரை வச்சு ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டு அறுத்தா ரெண்டடி கனமுள்ள மரம் வரைக்கும் துண்டு போடலாம். அடுப்பு விறகுக்கு நீங்க அறுக்கப் போறது முக்கால்வாசி தொடைக் கனம், அதுக்கும் கீழ.

விலை வித்தியாசம் எங்க இருக்குன்னு கேட்டீங்க. செயின் பிரேக்ல இருக்கு. முன்கைப்பிடிக்கு முன்னாடி ஒரு காப்பு நிக்கும்ல, அதை முன்னால தட்டினா செயின் கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள நிக்கணும். நல்ல மெஷின்ல கையால தட்டாட்டியும், பார் மேல தூக்கி அடிக்கிற வேகத்துலயே அது தானா விழுகும். மலிவு மெஷின்ல பிரேக் பட்டை சில நாள்லயே தேஞ்சு, தட்டினாலும் செயின் ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம் கை அதிராம இருக்கப் போடுற ரப்பர், ஸ்பிரிங். அப்புறம் ஸ்பேர். கார்பரேட்டர் கிட்டுக்கு நான் எங்க போவேன்?


கள்ளந்திரித் தோப்பு
ஞாயிறு, மதியம் 2:15

நல்லா விளக்கிட்டீங்க தம்பி. தென்னைக்கு எப்படி? எனக்கு விழுகிறதுல பாதி தென்னையாத்தான் இருக்கும். 14 இஞ்ச் தாங்குமா?


சோழவந்தான் வெத்தலை
ஞாயிறு, மாலை 6:30

தென்னை பத்தி நான் சொல்றேன். எங்களுக்குத் தென்னையும் கொடிக்காலும்தான். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ பட்டுக்கோட்டை பக்கம் சம்பந்தி வீட்டுக்குப் போயி, விழுந்த மரத்தை அறுத்துக் குடுத்திருக்கேன். அங்க அப்ப மெஷினும் கிடைக்கல, ஆளும் கிடைக்கல. சொந்தமா ஒண்ணு வச்சிருந்தவன் வீட்டுக்கு வழி பொறந்துச்சு.

தென்னை மத்த மரம் மாதிரி கிடையாது. வேம்புல நடுவுல வைரம், வெளிய வெள்ளை. தென்னையில தலைகீழ்: வெளிப்பட்டைக்கு அடுத்த வளையம்தான் இரும்பு, நடுவுல சோறு. பெரும்பாலும் ஓரடி கனத்தைத் தாண்டாது, தூர்ல மட்டும் பெருத்திருக்கும். அதனால 14 இஞ்ச் தாராளம். ஆனா செயினுக்கு எமன் அதுதான். நாருக்குள்ள மணல் சத்து இருக்கு, பல்லு சீக்கிரம் மழுங்கும். ஒரு முழு மரத்தைத் துண்டு போட்டா அரம் போடாம அடுத்த மரத்துக்குப் போகாதீங்க. பச்சை மரமா இருந்தா நாரு சுருள் சுருளா வந்து, செயினைச் சுத்துற பல்சக்கரம் (ஸ்பிராக்கெட்) மூடிக்குள்ள அடைக்கும். மெஷினை நிறுத்திட்டு, பிளக் தொப்பியைக் கழட்டிட்டு, குச்சியால நோண்டி எடுக்கணும். ஓடும்போது விரலை விட்டு எடுக்கிற ஆளுகளைப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு. முறிஞ்ச தென்னையைத் தோப்புக்குள்ள அப்படியே போட்டு வைக்காதீங்க. மக்குன தண்டுக்குள்ளதான் காண்டாமிருக வண்டு முட்டை போடும். புழு அங்க வளந்து, வண்டாகி, நிக்கிற மரத்துக் குருத்தைத் துளைக்கும். வெட்டுப்பட்ட பச்சைக் காய வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். அதனால முதல்ல தென்னையை அறுத்து வெளியேத்துங்க, வேம்பு நாலு மாசம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க அந்த வேம்புக்குத்தான் பதறுறீங்கன்னு நினைக்கிறேன்.


மேலூர் மரக்கடை
ஞாயிறு, இரவு 8:10

அந்த வேம்புக்கு ஏன் பதறணும்? சுத்தளவு எவ்வளவுன்னு சொல்லுங்க. நூல் போட்டுப் பாத்து நாலடிக்கு மேல இருந்தா அடிமரத்தைத் தொடாதீங்க. கொப்பு, கவை, மிலாறு மட்டும் கழிச்சு விறகாக்குங்க. அடிமரம் கதவு, நிலைக்குப் போகும். பூச்சி அரிக்காதுன்னு வேம்பைத் தேடி வாங்குறவங்க இன்னைக்கும் இருக்காங்க. புளி விழுந்தாலும் அதே கதைதான்: தூர்க்கட்டையைத் துண்டு போட்டு அடுப்புல வச்சிராதீங்க, கறிக்கடைக்காரங்க கட்டைக்குத் தேடி வருவாங்க. வாகை இருக்குன்னீங்க, மரச்செக்குக்கு அதைத்தான் கேக்குறாங்க.

நான் சொல்ல வர்றது, கனமான அடிமரத்தை அறுக்க உங்களுக்கு 22 இஞ்ச் பாரே தேவைப்படாது. அதை வாங்குறவன் அவன் மெஷினோட வருவான், பணமும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போவான். வீட்டு மெஷின் விறகுக்கு மட்டும்தான். வெட்டும்போது எங்க துண்டு போடணும்னு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்குங்க. எட்டடிக் கட்டையா நிக்க வேண்டியதை அஞ்சடியா வெட்டி வச்சா பாதி விலைக்குத்தான் கேப்போம்.

ரோட்டோரத்து மரமா இருந்தா ஒண்ணு கவனிங்க, ஆணி இருக்கும். டியூசன் சென்டர் போர்டு, கொடிக் கம்பி, கட்சித் தட்டி. மரம் வளரும்போது ஆணியை உள்ள இழுத்துக்கும், வெளிய தெரியாது. வீட்டு வேம்புல துணி காயப்போடுற கம்பி. ஒரு ஆணி, ஒரு செயின் காலி.


உசிலை ஓய்வாசிரியர்
ஞாயிறு, இரவு 9:45

நண்பர்களுக்கு வணக்கம். எல்லோரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வேரோடு சாய்ந்த மரத்தை அறுப்பது, நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது என்பதை யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாய்ந்த மரத்தின் வேர், மண்ணோடு பெயர்ந்து ஒரு சுவர்போல நிமிர்ந்து நிற்கும். அந்தச் சுவரைத் திரும்பி விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது தண்டின் எடைதான். தூருக்குப் பக்கத்தில் அறுத்தவுடன் எடை விடுபட்டு, வேர்ச்சுவர் படாரென்று குழிக்குள் திரும்பி விழும். சில சமயம் மிச்சமுள்ள தண்டும் எழுந்து நிற்கும். அந்தக் குழிக்குள் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளோ ஆடோ நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அறுக்கும் முன் குழியைச் சுற்றிப் பாருங்கள். வேர்ப்பக்கம் ஐந்து, ஆறடித் தண்டை விட்டுவைத்து அறுப்பது உத்தமம்.

அடுத்து, அழுத்தம். தரையில் கிடக்கும் கிளை எங்கோ ஊன்றி, வில்லாக வளைந்திருக்கும். வளைவின் உட்பக்கம் நெருக்கத்தில் இருக்கும், வெளிப்பக்கம் இழுவையில் இருக்கும். நெருக்கத்தில் உள்ள பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு இழுவைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். மாற்றிச் செய்தால் ஒன்று பார் மாட்டிக்கொள்ளும், அல்லது கிளை பிளந்து முகத்தில் அடிக்கும். நிற்பது எப்போதும் வளைவின் உட்பக்கம்.

மின்கம்பி மேல் விழுந்திருந்தால் தொடவே கூடாது. கரண்ட் போய்விட்டது என்பது ஒரு காரணமே அல்ல. அடுத்த தெருவில் ஒருவர் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் அந்தக் கம்பியில் மின்சாரம் திரும்பி வரும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. லைன்மேன் வந்து சொன்ன பிறகே அறுக்க வேண்டும்.

பனை விழுந்தாலும் முறிந்தாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டுக் கை வையுங்கள். நிற்கும் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. சாலையோர மரம் விழுந்து கிடந்தாலும் அது நம் விறகு ஆகாது.


அலங்காநல்லூர் காளை
திங்கள், காலை 7:10

ஐயா சொல்றது எல்லாம் சரி. ஆனா ஸ்பேனர் அண்ணன் மலிவு மெஷினை இப்படி மட்டம் தட்டக் கூடாது. எல்லாராலயும் இருபதாயிரத்துக்கு மேல குடுக்க முடியுமா? எங்க ஊர்ல கூலிக்கு அறுக்கிற பசங்க பூராம் அந்த 58லதான் பொழைக்கிறாங்க. நான் 22 இஞ்ச் பாரைக் கழட்டிட்டு 18 இஞ்ச் போட்டிருக்கேன், அதுக்கப்புறம் சூடே ஆகுறதில்ல. கருவேலம் வெட்டுறவனுக்குப் பெரிய மெஷின்தான் தோது. அது மரமில்ல, கல்லு.


பத்து-பதினொண்ணு ஸ்பேனர்
திங்கள், காலை 10:30

காளை தம்பி, பாரைக் குறைச்சது நல்ல வேலை. அந்தப் பசங்க வாரம் பூராம் ஓட்டுறாங்க, ராத்திரி அவங்களே பிரிச்சு மாட்டுறாங்க. தோப்பு அண்ணன் தீபாவளிக்கு வச்சதைப் பங்குனியிலதான் எடுப்பாரு. எடுக்கிறப்போ ஓடணும். வித்தியாசம் அதுதான்.

அதனால பெட்ரோல் பத்திச் சொல்லியே ஆகணும். பட்டறைக்கு இப்ப வர்ற வீட்டு மெஷின்ல பெரும்பாலானது உடைஞ்சு வரல, கிடந்து கெட்டு வருது. பங்க்ல இப்ப ஊத்துறது இருபது சதம் எத்தனால் கலந்தது. பல செயின் சா மேனுவல்ல பத்து சதத்துக்கு மேல வேணாம்னு போட்டிருக்கு. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ரெண்டு மூணு மாசம் டேங்க்லயே கிடந்தா தண்ணியும் எத்தனாலும் சேந்து அடியில தனியா இறங்கிரும். கார்பரேட்டருக்குள்ள இருக்கிற டயப்ரம்ங்கிற மெல்லிய சவ்வு விறைச்சுப் போகும், பெட்ரோல் டியூப் பிசுபிசுக்கும். அப்புறம் கயிறை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போயிரும்.

செய்ய வேண்டியது இதுதான். வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்க. பெட்ரோல்ல கலக்குற நல்ல டூ டி ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒண்ணு. மலிவு மெஷின் மேனுவல் இருபத்தஞ்சுக்கு ஒண்ணு கேக்கும், அப்ப 40 மில்லி. சிரிஞ்சு வச்சு அளங்க. டி.வி.எஸ். எக்ஸெல் சூப்பர் காலத்துல பங்க்லயே கைக்கணக்குல ஊத்துவாங்கல்ல, அந்தக் கணக்கு இதுக்கு ஆகாது. ஆயில் கம்மியானா பிஸ்டன் கோடு விழுந்து இஞ்சின் பிடிச்சுக்கும், அதுக்கு மருந்து கிடையாது. வேலை முடிஞ்சதும் டேங்கைக் கவுத்திட்டு, மெஷினைத் தன்னால நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. மிஞ்சின பெட்ரோலைப் பிரஷ் கட்டருக்கு ஊத்துங்க.

பாருக்கு ஊத்துற எண்ணெய் வேற, அதைப் பெட்ரோல்ல கலக்கக் கூடாது. பழைய பைக் ஆயிலை வடிகட்டி ஊத்துறாங்க. அதுல இரும்புத்தூள் இருக்கு, பாரைத் தின்னும், கையில பட்டாலும் நல்லதில்ல. செயின் ஆயில் கிடைக்கலைன்னா புது இஞ்சின் ஆயில் 20டபிள்யூ-40 ஊத்துங்க, போதும்.


மாடித்தோட்டம்
திங்கள், மதியம் 12:20

இழை நல்லாப் போகுது, நடுவுல ஒரு கேள்வி. நாங்க டவுனுக்குள்ள, டி.வி.எஸ். நகர். பின்பக்கம் முருங்கை, முன்னால வேம்பு. ஒவ்வொரு காத்துக்கும் முருங்கைக் கொப்பு முறிஞ்சு பக்கத்து வீட்டு ஷீட் மேல விழுது. அவங்க ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா பாக்குற பார்வை ஒரு மாதிரி இருக்கு. எனக்குப் பெட்ரோல் மெஷின் கயிறு இழுக்கத் தெம்பில்ல. பேட்டரியில ஆறு இஞ்ச்ல கைக்கு அடக்கமா வருதே, அது போதுமா? இல்ல கரண்ட் மெஷினா?


சோழவந்தான் வெத்தலை
திங்கள், மதியம் 3:00

உங்களுக்குப் பேட்டரி ஆறு இஞ்சே போதும் மேடம். முருங்கை வெள்ளரிக்காய் மாதிரி போகும், அறுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. வேம்புல கை மணிக்கட்டுக் கனம் வரைக்கும் தைரியமா அறுக்கலாம். வாங்கும்போது பேட்டரி ரெண்டு வர்ற செட்டாப் பாருங்க, ஒண்ணு ஓடும்போது ஒண்ணு சார்ஜ் ஏறும். சின்னதா இருக்குன்னு ஒரு கையில மெஷினும் மறு கையில கொப்பும் பிடிக்காதீங்க, விரல் போறது அப்படித்தான். ஏணி மேல ஏறி நின்னும் வேணாம். நீளக் கம்பு மாட்டுற மாடல் இருக்கு, தரையில நின்னே அறுக்கலாம்.


பத்து-பதினொண்ணு ஸ்பேனர்
திங்கள், மதியம் 3:40

கரண்ட் மெஷினை நான் மட்டமாச் சொல்ல மாட்டேன். வீட்டுப் பக்கத்துல, பட்டறைத் தாழ்வாரத்துல விறகு துண்டு போட அதை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. பெட்ரோல் தொந்தரவு இல்ல, பட்டனை அமுக்கினா ஓடும், சத்தம் கம்மி. ஆனா 1800 வாட் மெஷின் எட்டு ஆம்பியர் இழுக்கும். தோப்புக்குள்ள அறுபது மீட்டர் ஒயர் இழுக்கணும்னா ஒரு ஸ்கொயர் எம்.எம். ஒயர்ல பதினேழு வோல்ட் வழியிலயே போயிரும். நம்ம பக்கம் சாயங்காலம் ஏற்கனவே வோல்டேஜ் தள்ளாடும். மோட்டார் கருகிரும். 2.5 ஸ்கொயர்ல போட்டா ஏழு வோல்ட்தான் போகும், ஆனா அந்த ஒயர் விலையும் மெஷின் விலையோட சேத்தி. ஈரத் தரையில ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லாம மாட்டாதீங்க.

எல்லாத்துக்கும் மேல, காத்தடிச்சு மரம் விழுந்தா முதல்ல போறது கரண்ட்டு. வாசலை மறிச்சுக் கிடக்கிற மரத்தை அறுக்க கரண்ட் மெஷினைக் கையில வச்சிக்கிட்டு ஈ.பி. ஆளுக்குக் காத்திருக்கணும். வீட்டு இன்வெர்ட்டர் அதை இழுக்காது.


கள்ளந்திரித் தோப்பு
புதன், இரவு 8:50

எல்லாத்தையும் வீட்ல உக்காந்து சத்தமாப் படிச்சோம். வீட்டம்மா ஓட்டு சின்ன மெஷினுக்குத்தான். 'உங்களால ஏழு கிலோ அரிசிப் பையைத் தூக்கிட்டு அரைமணி நேரம் நிக்க முடியுமா'ன்னு ஒரே கேள்வி, அதோட 58 போயிருச்சு. முப்பது சிசி கம்பெனி மெஷின், 14 இஞ்ச் பார், முடிவாயிருச்சு. நாளைக்கு மதுரைக்குப் போறேன். கடையில வேற என்ன கேட்டு வாங்கணும்? அரம் போடுறது நம்மளால ஆகுமா, இல்ல ஒவ்வொரு தடவையும் திருமங்கலம் வரணுமா?


பத்து-பதினொண்ணு ஸ்பேனர்
புதன், இரவு 9:30

ஒவ்வொரு தடவையும் வந்தா எனக்கு நல்லதுதான். ஆனா நீங்களே போடலாம்.

கடையில பெட்டியைக் கட்ட விடாதீங்க. அங்கயே பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. தரையில வச்சு, பின்கைப்பிடிக்குள்ள ஷூ போட்ட காலை (செருப்பு ஆகாது) விட்டு மிதிச்சு, செயின் பிரேக் போட்டு, அப்புறம் கயிறு. சோக் போட்டு இழுக்கும்போது ஒரு தடவ 'டப்'புன்னு சத்தம் வரும், உடனே சோக்கைப் பாதிக்கு இறக்கிரணும். இறக்காம இழுத்துக்கிட்டே இருந்தா பிளக் நனைஞ்சிரும். கையில தொங்கவிட்டு இழுக்கிறது யூடியூப்ல நல்லா இருக்கும், நீங்க செய்யாதீங்க. ஆக்சிலேட்டரை விட்டதும் செயின் நிக்குதா, பிரேக் தட்டினா நிக்குதா, பார் நுனியை வெள்ளைத் தாளுக்கு நேரா காட்டி முறுக்கினா எண்ணெய்ப் பொட்டுத் தெறிக்குதா, இந்த மூணையும் கண்ணால பாத்துட்டு வாங்குங்க.

கூடவே ஸ்பேர் செயின் ரெண்டு. செயின் வாங்கும்போது '14 இஞ்ச்'னு மட்டும் கேட்டா ஏமாந்திருவீங்க. பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி இடைவெளி அளவு), பார் பள்ளத்துக் கனம், டிரைவ் லிங்க் (பார் பள்ளத்துக்குள்ள ஓடுற கண்ணி) எண்ணிக்கை, மூணும் ஒத்து வரணும். 14 இஞ்ச்லயே ஸ்டில்லுக்கு 50 லிங்க், ஹஸ்க்வர்னாவுக்கு 52. பாரு மேலயே அடிச்சிருக்கும், போட்டோ எடுத்து போன்ல வச்சுக்குங்க.

அரம்: இந்தச் சின்ன மெஷின்ல 3/8 லோ புரொபைல் செயின்தான் வரும், அதுக்கு 4 மில்லி உருண்டை அரம், கைடோட. முப்பது டிகிரி சாய்வு, உள்ளேருந்து வெளிய ஒரே பக்கம் தள்ளணும், இழுக்கக் கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் கூடிருச்சுன்னா அறுப்பு வளைஞ்சு போகும். ரெண்டு மூணு தடவ அரம் போட்டதும், பல்லுக்கு முன்னாடி இருக்கிற மொட்டையைத் தட்டை அரத்தால கொஞ்சம் இறக்கணும், 0.65 மில்லி இடைவெளி. அதை மறந்தா எவ்வளவு கூரா இருந்தாலும் கடிக்காது. ரொம்ப இறக்கினா மெஷின் துள்ளும்.

மழுங்கினதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கீழ விழுகிற தூளைப் பாருங்க. செதில் செதிலா விழுந்தா நல்லா இருக்கு. மாவு மாதிரி விழுந்து, நீங்களும் மெஷினை அமுக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா நிறுத்திட்டு அரம் எடுங்க.


உசிலை ஓய்வாசிரியர்
வியாழன், காலை 6:15

தம்பி, கடையில் தலைக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பானும் சேர்த்து வாங்குங்கள். மெஷினின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். கைலி கட்டிக்கொண்டு அறுக்காதீர்கள். காலுக்கு முன்பக்கம் கட்டும் செயின் சா காப்புத் துணி உண்டு. செயின் பட்டால் உள்ளிருக்கும் நூல் உருவி வந்து பல்லில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். வெயிலுக்கு முழுக்கால் உறை பாடுதான், முன்பக்கம் மட்டும் கட்டுவதை நம் வெயிலிலும் தாங்கலாம்.

பார் நுனியின் மேல் கால்வட்டம் எதிலும் படக்கூடாது. அது பட்டால்தான் மெஷின் தூக்கி முகத்துக்கு வரும். தரையில் கிடக்கும் குப்பைக்குள், மிலாறுக் குவியலுக்குள் நுனியை விடும்போது இது நடக்கிறது. தனியாக அறுக்கவும் போகாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.


கள்ளந்திரித் தோப்பு
அடுத்த திங்கள், மாலை 5:40

வாங்கியாச்சு. தென்னை ரெண்டையும் அறுத்து ரோட்டோரம் ஏத்திட்டோம், செங்கக் காளவாசக்காரர் எடுத்துக்கிட்டாரு. வெத்தலை அண்ணன் சொன்ன மாதிரியே நாரு அடைச்சது, செயினும் மழுங்குச்சு, அரம் போட்டேன், கடிக்குது. வேம்புல கொப்பு மட்டும் கழிச்சிருக்கேன். சுத்தளவு நாலரை அடி, மரக்கடை அண்ணனுக்குத் தனியா எழுதுறேன்.

ஒரு சந்தேகம். புதுச் செயின், நேத்து இறுக்கமா இருந்தது, இன்னைக்குத் தொங்குது. கெட்ட செயினா?


பத்து-பதினொண்ணு ஸ்பேனர்
அடுத்த திங்கள், மாலை 6:05

புதுச் செயின் முதல்ல கொஞ்சம் இழுபடும், கெட்டதில்ல. மெஷின் ஆறின பிறகு பார் நட்டை லூசாக்கி, நுனியைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டே இறுக்குங்க. அடிப்பக்கம் பாரை ஒட்டி இருக்கணும், கையுறை போட்ட கையால இழுத்தா தடையில்லாம சுத்தணும். சூடா இருக்கும்போது இறுக்கிட்டு அப்படியே வச்சிராதீங்க, ஆறும்போது செயின் சுருங்கி கிராங்க் பேரிங்கை இழுக்கும்.


மேலூர் மரக்கடை
அடுத்த திங்கள், மாலை 6:20

நாலரையா? தூர்லேர்ந்து எத்தனை அடி உசரத்துல அளந்தீங்க? நெஞ்சு உசரம் வர்ற இடத்துல ஒருக்க நூல் போட்டுச் சொல்லுங்க. வர்ற வழியில அழகர்கோயில் ரோட்ல ஒரு வாகை பாக்க வேண்டியிருக்கு, அப்படியே வந்து பாத்துட்டுப் போறேன்.